தரம் 6க்கு மகனை பாதர்மாரின் விடுதியில் விடலாமா?

படுவான்கரை அப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இதைப் பேச ஆரம்பித்தாலே அழுகையில்தான் முடிகிறது.

நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் வெல்லாவெளிக்கும் அப்பால் ஒரு வயல் ஊர். மகனுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. புலமைப்பரிசில் எழுதினான், வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டான். ஊர்ப் பாடசாலை தரம் 5 உடன் சரி. அடுத்த பாடசாலைக்கு ஏழு கிலோமீற்றர். காலையில் ஒரு பஸ், அதுவும் வந்தால் வந்த மாதிரி. சைக்கிளில் அனுப்பலாம் என்றால் வேளாண்மை குடலையாகிற (கதிர் வெளியே வரப் போகிற) காலத்தில் யானை றோட்டிலேயே நிற்கும், போன மாரியில் பக்கத்து வளவு வேலியைப் பிரித்துப் போட்டது. மனைவி குவைத்தில், ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. நான் இரவில் வயல் காவலுக்குப் போனால் மகன் அம்மம்மாவோடு தனிய. அம்மம்மாவுக்குக் கண் பார்வை குறைவு, அவன்தான் அவவைப் பார்த்துக்கொள்கிறான் என்று சொன்னாலும் பிழையில்லை.

இப்போது மச்சான் முறையான ஒருவர் சொல்கிறார், கத்தோலிக்க பாதர்மார் நடத்துகிற ஆண்பிள்ளைகள் விடுதி ஒன்று இருக்கிறதாம், டவுனில் இல்லை, கிராமப்புறம்தான், கோயில், பாடசாலை, விடுதி எல்லாம் கிட்டக் கிட்ட. சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பார்ப்பார்களாம், வசதிக்கு ஏற்ற மாதிரி காசு கொடுத்தால் போதுமாம்.

நாங்கள் சைவம். மதத்தை மாற்றிவிடுவார்கள் என்று அம்மம்மா அழுகிறா. எனக்கு அதைவிட அடிப்பார்களோ என்றுதான் பயம், பையன் கொஞ்சம் மெல்லிய மனம். அங்கே படித்தவர்கள், பிள்ளைகளை விட்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். போய்ப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள், பாதர் முன்னால் இருந்தால் எனக்கு வாய் வராது.

பழைய மணிக்காரன்:

தம்பி, நான் 1982 இல் ஆறாம் வகுப்புக்கு இப்படி ஒரு விடுதிக்குப் போனவன். பெயர் சொல்லப் போவதில்லை, ஏன் என்று கீழே விளங்கும். மணிக்காரன் என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை, இரண்டு வருடம் நான்தான் அங்கே மணி அடித்தேன். மணி என்றால் மாமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. காலை ஐந்துக்கு முதல் அடி. பிறகு பூசை, கிணற்றடி, கஞ்சி, பாடசாலை, விளையாட்டு, செபமாலை, படிப்பு, சாப்பாடு, படுக்கை, எல்லாவற்றுக்கும் அந்த இரும்புதான். இப்போதும் எங்கேயாவது இரும்பில் இரும்பு பட்டால் எனக்குப் பசிக்கும்.

1978 நவம்பர் 23 சூறாவளி அந்தக் கட்டடத்தின் கூரையைக் கொண்டுபோயிருந்தது, நான் போகும்போது ஒரு பக்கம் ஓடு, மற்றப் பக்கம் தகரம். மழை பெய்தால் தகரத்துக்குக் கீழே கட்டில் கிடைத்தவனுக்கு நித்திரை இல்லை. என்னை அப்பப்பா கொண்டுபோய் விட்டார். குருமண்வெளிப் பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றுகிற மிதவைப் படகு) ஆற்றைக் கடந்து, டிரங்குப் பெட்டி அவர் தலையில், அரிசிப் பை என் கையில். காசு என்று பெரிதாக வாங்கவில்லை, பெரும்போகம் முடிய இரண்டு மூடை நெல். வெள்ளாமை பிழைத்த வருடம் ஒரு மூடை, அதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

முதல் மாதம் அழுகைதான். பகலில் அழுகை வராது, விளையாட்டும் கூச்சலுமாகப் போய்விடும், விளக்கை அணைத்த பிறகுதான் வரும். ஒருவன் மூக்கை உறிஞ்சினால் போதும், அந்த வரிசை முழுக்க உறிஞ்சும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என் வீட்டில் யாரும் என்னை இரண்டு மணித்தியாலம் புத்தகத்துக்கு முன்னால் இருத்தியதில்லை. அங்கே பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் இருந்துதான் ஆக வேண்டும், பிறதர் (துறவறச் சகோதரர்) செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி நடந்துகொண்டே இருப்பார், படிக்காவிட்டாலும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், அப்படி இருந்து இருந்தே கணக்கு பிடிபட்டுவிட்டது. இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு அந்தக் கணக்கில்தான்.

இப்போது மற்றப் பக்கம். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர் (பாதர் இல்லை, சம்பளத்துக்கு இருந்தவர்) இரவில் படுக்கையை நனைக்கிற பிள்ளைகளுக்கு விடிய மெத்தையைத் தலையில் வைத்து மைதானத்தைச் சுற்ற விடுவார். நான் நனைத்தவன் இல்லை, ஆனால் சிரித்தவர்களில் ஒருவன். அதில் ஒரு பையன் லீவுக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. பெரிய பாதருக்கு இது தெரியுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதனால் நீங்கள் போனால் பெரியவரோடு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். இரவில் பிள்ளைகளோடு யார் படுக்கிறார்கள், அவருக்கு என்ன வயது, எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார், நடு இரவில் காய்ச்சல் வந்தாலோ படுக்கை நனைந்தாலோ என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பகலில் எல்லா விடுதியும் நல்ல விடுதிதான்.

கிழக்கில் பாதர்மார் என்றால் படிப்போடு பந்தும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். இயேசு சபையினர் 1895 இல் பிரான்சிலிருந்து வந்தவர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்தார்கள், அவர்களோடுதான் கூடைப்பந்தும் மட்டக்களப்பில் வேர்விட்டது. அப்படி வந்த வெபர் பாதரின் பெயரில்தான் டவுனில் வெபர் மைதானம் இருக்கிறது. அவர்களில் இன்னொருவரான ஹேபேர்ட் பாதரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், டவுனில் இருக்கிற மைக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விரட்டி விரட்டி விளையாட வைப்பார். 1990 ஓகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், கூடப் போன பையனும் அவரும் இன்றுவரை இல்லை. சரி, கதை எங்கேயோ போகிறது, விடுகிறேன்.

சோக்குத்தூள்:

நான் ஆசிரியை, கல்முனைப் பக்கம். மேலே அண்ணன் சொன்ன கால விடுதியும் இப்போது இருப்பதும் ஒன்றில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய காலத்தில் பாடசாலையும் விடுதியும் ஒரே கை. 1960 இன் 5ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த வருடம் வந்த 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற மதப் பாடசாலைகளை அரசாங்கத்திடம் கொண்டுபோயின. சில பெரிய பாடசாலைகள் மட்டும் கட்டணம் வாங்காத தனியார் பாடசாலைகளாக நின்றுபிடித்துப் பார்த்தன. அதனால் இன்றைக்கு எங்கள் மாவட்டங்களில் நீங்கள் பார்க்கிற பெரும்பாலானவற்றில் புனிதர் பெயர் வாசலில் இருந்தாலும் பாடசாலை அரசாங்கத்தினுடையது, அதிபரும் ஆசிரியர்களும் கல்வித் திணைக்களத்தின் ஆட்கள். விடுதி மட்டும்தான் கோயிலின் கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான், ஆனால் பொறுப்பு வேறு. மகன் வகுப்பில் விழுந்தால் அதிபர், விடுதிப் படியில் விழுந்தால் பாதர். பெற்றோர் அதிபரைப் பார்த்துவிட்டு "நல்ல பாடசாலை" என்று பிள்ளையை விடுதியில் விடுகிறார்கள், அந்த அதிபர் விடுதிக்குள் கால் வைத்தே பல வருடமாக இருக்கும்.

அடுத்து, அது விடுதியா, சிறுவர் இல்லமா, சிறிய குருமடமா என்று தெளிவாகக் கேளுங்கள். மூன்றையும் ஊரில் "பாதர்மாரின் போடிங்" என்றுதான் சொல்வார்கள். குருமடம் என்றால் குருவாக வர விரும்புகிற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. சிறுவர் இல்லம் என்றால் 1941 ஆம் ஆண்டு அநாதைச் சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு இருக்க வேண்டும், பதிவைக் காட்டுங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஒழுங்காக நடத்துகிறவர்கள் பிரேம் போட்டுச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். தாய் வெளிநாட்டில், தகப்பன் இரவு வேலை என்றதும் சிலர் உங்கள் பிள்ளையை இல்லத்துப் பிள்ளை என்று கணக்கில் எடுத்துவிடுவார்கள். உங்கள் பிள்ளைக்கு வீடு இருக்கிறது, அவன் படிக்கப் போகிறான், அவ்வளவுதான். எதில் கையொப்பம் வைக்கிறீர்கள் என்று வாசித்துவிட்டு வையுங்கள், வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் உங்கள் கிராம சேவையாளரையோ பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ கேளுங்கள், அவர்கள் இருப்பதே அதற்குத்தான்.

யார் நடத்துவது என்பதும் முக்கியம். சிலது மறைமாவட்டம் நேரடியாக நடத்துவது, சிலது துறவற சபைகள் நடத்துவது. மட்டக்களப்பு 2012 இல்தான் திருகோணமலையிலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் ஆனது, அம்பாறை மாவட்டக் கோயில்களும் இதற்குள்தான். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் ஆயரிடம் போவதா, சபைத் தலைவரிடம் போவதா என்று இப்போதே தெரிந்திருந்தால் நல்லது.

அடி பற்றிக் கேட்டீர்கள். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. இருந்தும் பிரம்பு முழுதாகப் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், ஆசிரியர் அறையில் இருக்கிறவள் நான். விடுதி பாடசாலை இல்லையே என்று யாராவது சட்டம் பேசினால் அந்த இடத்தில் பிள்ளையை விட வேண்டாம். 1929 என்ற இலக்கத்தை மகனுக்குப் பாடமாக்குங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், காசு இல்லாமல் எடுக்கலாம். அதோடு போன் எங்கே இருக்கிறது, பிள்ளை கேட்டால் கொடுப்பார்களா, பக்கத்தில் யாரும் நிற்காமல் பேசலாமா என்று கேளுங்கள். இலக்கம் தெரிந்து போன் இல்லாவிட்டால் என்ன பயன்.

மாமாங்கத்துப் பையன்:

அம்மம்மாவுக்கு நான் பதில் சொல்கிறேன். நான் சைவம், ஆறு வருடம் கத்தோலிக்க விடுதி, இன்னும் சைவம்தான், திருநீறு பூசாமல் வேலைக்குப் போவதில்லை.

உள்ளதைச் சொன்னால், பூசைக்கு எங்களையும் கூட்டிப் போனார்கள். கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் போகிற இடத்துக்கு ஒருவன் மட்டும் போகாமல் வெறும் விடுதியில் இருப்பானா? போனேன். நற்கருணைக்கு (பூசையில் பாதர் கொடுக்கிற அப்பம்) எழும்பாமல் கடைசி வாங்கில் இருப்போம், நாங்கள் ஒன்பது பேர், எங்களுக்கு "வாங்குச் சைவர்" என்று பெயர். செபமாலை எனக்கு இன்னும் பாடம், மரியாயே வாழ்க சொல்லிக்கொண்டே நித்திரையாகிப் போவேன், கண் விழித்தால் ஐந்தாவது, கடைசிப் பகுதியும் முடிந்திருக்கும். அதே விடுதியில் சரஸ்வதி பூசைக்கு அவல் கடலை போட்டுக் கும்பிட ஒரு மூலை தந்தார்கள், பாதரே வந்து கடலை சாப்பிட்டார். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வீட்டுக்கு விட்டார்கள். ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு நாங்களும் நடந்தோம், அது பக்தியா, ஒருநாள் வெளியே போகிற சந்தோஷமா என்று கேட்டால் இரண்டாவதுதான்.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். எங்கள் வகுப்பில் சைவநெறிக்கு ஆசிரியர் ஒன்றரை வருடம் இல்லை, கத்தோலிக்கப் பாடம் நடக்கிற நேரம் நாங்கள் நூலகத்தில் சும்மா இருந்தோம். சிலர் சுகம் என்று கத்தோலிக்கத்துக்கே மாறி எழுதப் பார்த்தார்கள், யாரும் மாற்றவில்லை, சோம்பல்தான் மாற்றப் பார்த்தது. என் அப்பா வந்து அதிபரோடு சத்தம் போட்ட பிறகு ஆள் வந்தது. அதனால் சைவநெறி ஆசிரியர் இருக்கிறாரா என்று பாடசாலையில் கேளுங்கள், விடுதியில் இல்லை.

இன்னொன்று. காரைதீவில் பிறந்த மயில்வாகனம் மைக்கேல் கல்லூரியில் பாதர்மாரிடம் படித்தவர், பிறகு அங்கேயே படிப்பித்தவர். அவர்தான் விபுலானந்த அடிகளாகி 1929 இல் கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தை நிறுவினார். இதை அம்மம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். என் அம்மம்மாவிடம் சொன்னபோது "அவர் விபுலானந்தர், நீ யார்" என்று கேட்டா, அது வேறு விஷயம்.

மூத்தக்கா:

எல்லாரும் எப்படி விடுவது என்றே சொல்கிறீர்கள். விட வேண்டாம் என்று சொல்ல ஒருத்தியாவது வேண்டும்.

தாய் போய் ஒரு வருடம் ஆகாது போல் இருக்கிறது. இப்போது தகப்பனும் அம்மம்மாவும் இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிச்சம்? என் தம்பியைப் பத்து வயதில் விட்டோம், போர்க்காலம், ஊரில் வைத்திருக்கப் பயம், அதனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன். விடுதியில் அவனுக்கு ஒரு குறையும் நடக்கவில்லை, நல்ல மனிதர்கள், நல்ல சாப்பாடு. ஆனால் பதினாறு வயதில் வந்தவன் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தான். தண்ணீர் குடிக்கக்கூட "அக்கா, எடுக்கட்டா" என்று கேட்டான். அம்மா அதைக் கேட்டுக் குசினிக்குள் போய் அழுதா. இன்றைக்கு அவனுக்கு நாற்பத்தைந்து வயது, இன்னும் சாப்பாட்டைத் தட்டில் ஒரு பருக்கை விடாமல் வழித்துவிட்டுத் தானே கழுவி வைப்பான், மனைவிக்குச் சந்தோஷம், எனக்கு நெஞ்சு வலிக்கும்.

யானைக்கும் பஸ்ஸுக்கும் வேறு வழி இல்லையா? களுவாஞ்சிக்குடிப் பக்கம் சொந்தக்காரர் யாரும் இல்லையா, கிழமை நாட்களில் வைத்து வெள்ளி பின்னேரம் கூட்டிவர? இல்லையென்றால் ஊரில் நாலு பிள்ளை சேர்ந்து ஒரு ஓட்டோ பிடிக்க முடியாதா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் விடுவதும் பத்தில் விடுவதும் ஒன்றில்லை. அவனிடம் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை.

படுவான்கரை அப்பா:

அக்கா சொன்னது சுட்டது. கேட்கவில்லைதான். சொந்தம் களுவாஞ்சிக்குடியில் இல்லை, ஓட்டோவுக்கு இரண்டு பிள்ளைதான் சேர்கிறது, இருவர் காசில் கட்டாது.

அன்றைக்கு இரவே கேட்டேன். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "அம்மம்மாவுக்கு யார் கண்மருந்து விடுவது" என்று கேட்டான். நான் விடுவேன் என்றேன். "நீங்க காவலுக்குப் போனா?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். ரீச்சர் சொன்னபடி பதிவைக் கேட்டேன், குரல் நடுங்கியது, பாதர் கோபிக்கவில்லை, அலுமாரியைத் திறந்து எடுத்துக் காட்டினார். படிக்க வருகிற பிள்ளைகளும் இல்லத்துப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்துதான் இருக்கிறார்கள், பதிவேடு வேறு வேறு. இரவில் படுப்பது ஒரு பிறதரும் ஒரு வயதான ஐயாவும். மணிக்காரன் அண்ணன் சொன்னதை அப்படியே கேட்டேன், படுக்கை நனைத்தால் என்ன செய்வீர்கள் என்று. பிறதர் இளம் ஆள், சிரித்துவிட்டு "மெத்தையை வெயிலில் போடுவோம், வேறு என்ன" என்றார், அப்புறம் குரலைத் தணித்து, தானும் விடுதியில் வளர்ந்தவன்தான், தானும் நனைத்தவன்தான் என்றார். கக்கூஸைப் பார்த்தேன், தண்ணீர் இருக்கிறது, இரண்டுக்குக் கொழுக்கி இல்லை, சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். போன் பாதரின் அறையில் மட்டும்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட்டு வந்தேன். சைவநெறிக்கு ஆசிரியர் இருக்கிறார், பாடசாலையில் கேட்டு உறுதி செய்தேன்.

மகன் அங்கே பெடியன்களோடு பந்து விளையாடினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் "நல்லம்தான், ஆனா எல்லாரும் ஒரே மாதிரிப் பிளேட்" என்றான். என்ன சொல்ல வந்தான் என்று இன்னும் விளங்கவில்லை.

இப்போதைக்கு நினைப்பது இதுதான். இந்த வருடம் விடவில்லை. காவலை வேறு ஆளிடம் பங்குக்குக் கொடுத்துவிட்டு, ஏழு கிலோமீற்றரையும் நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன், பெற்றோல் செலவும் காவல் காசும் சேர்த்துப் பார்த்தால் கை கடிக்கும்தான். மனைவி வந்த பிறகு, தரம் 8 இல், அவனே போகிறேன் என்றால் பார்ப்போம். பாதரிடம் சொன்னேன், இடம் இருந்தால் எடுப்போம், இல்லையென்றால் இல்லை என்று நேராகவே சொன்னார்.

பழைய மணிக்காரன்:

நல்ல முடிவு, கெட்ட முடிவு என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. எப்போதாவது விட்டால் மூடி இறுகின போத்தலில் கருவாட்டுச் சம்பல் கொடுத்து விடுங்கள், ஒரு கிழமைக்குக் கெடாது, சோயாமீற் கறி நாட்களில் அந்தப் போத்தல் வைத்திருப்பவன்தான் விடுதிக்கு ராசா.

படுவான்கரை அப்பா:

அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் அண்ணன். கருவாடா, கூனியா என்று கேட்கிறா.